ஆறிய என்ஜின் பொய் சொல்லும்

மெக்சிகோ நகரின் வடகோடியில், மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு எழும்பியிருக்கிறது குவாவ்டெபெக் பகுதி. அங்கே பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில்கள் இன்னமும் டாக்சியாக ஓடுகின்றன. நகரின் மற்ற இடங்களில் பச்சை வெள்ளை பீட்டில் டாக்சிகளின் காலம் 2012-ஓடு முடிந்துவிட்டது. இந்தச் செங்குத்தான சந்துகளில் மட்டும் ‘வோச்சோ’ என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த உருண்டைக் கார் முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கிறது. 2003 ஜூலை 30-ஆம் தேதி மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து கடைசி பீட்டில் வெளியே வந்தது. ஆக, உலகில் இருப்பதிலேயே இளைய பீட்டிலுக்கும் இருபது வயது தாண்டிவிட்டது. பெரும்பாலானவற்றுக்கு ஐம்பது, அறுபது.

இப்படி ஒரு கார் வழியில் சூடேறி நின்றால், எந்த ஊராக இருந்தாலும் நடப்பது ஒன்றுதான். பின்பக்க மூடியைத் திறந்து வைப்பார்கள். அரை மணி நேரம் நிழலில் நிறுத்துவார்கள். சாவியைத் திருப்பினால் என்ஜின் கிளம்பிவிடும். “சூடுதான், வேறொன்றுமில்லை” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். காற்றால் குளிரும் பழைய என்ஜின்களில் பலவற்றைச் சாகடித்தது முதலில் ஏறிய சூட்டைவிட, காரணம் தேடாமல் போட்ட இந்த இரண்டாவது ஸ்டார்ட்தான்.

தண்ணீரால் குளிரும் காரில் சூடு தன்னை மறைத்துக்கொள்வதில்லை. முள் ஏறும், ஆவி பறக்கும், ரேடியேட்டர் பொங்கும். பீட்டிலில் பொங்குவதற்கு எதுவும் கிடையாது. காற்று உறையாது, கொதிக்காது என்பதை 1960-களில் டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் அமெரிக்காவில் விளம்பரமாக்கிக் காரை அமோகமாக விற்றுக்கொடுத்தது. அதில் பொய் இல்லை. ஆனால் ஆலையிலிருந்து வந்த பீட்டிலில் வெப்பமானியே கிடையாது. ஓட்டுநருக்குக் கிடைத்தவை இரண்டு சிறு விளக்குகள்: ஒன்று ஆயில் அழுத்தத்துக்கு, இன்னொன்று டைனமோவுக்கு.

அந்த டைனமோ விளக்கைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று பொருள். மற்ற கார்களில் அதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. பீட்டிலில் டைனமோவும் குளிர்விக்கும் விசிறியும் ஒரே தண்டில் சுழல்கின்றன. இரண்டையும் சுழற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்தால் சார்ஜும் போகும், காற்றும் போகும். ஆகவே அந்த விளக்கு எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, பெல்ட் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. பெல்ட் நல்லபடி இருந்தால்தான் அது வெறும் மின்சாரக் கோளாறு.

இந்த என்ஜினில் சூடு ஏன் இவ்வளவு கொடுமையாக வேலை செய்கிறது என்பதை உலோகங்களைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். என்ஜினின் கூடு மக்னீசியக் கலவை. ஹெட்டுகளும் பிஸ்டன்களும் அலுமினியம். சிலிண்டர்கள் வார்ப்பிரும்பு. எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் எஃகு. ஒரே அளவு சூட்டுக்கு மக்னீசியம் இரும்பைவிட இருமடங்குக்கும் மேல் விரியும். அளவோடு விரிந்தால் எல்லாம் கணக்குக்குள் அடங்கும். அளவு மீறினால் கூட்டில் ஸ்டட்டுகள் பிடித்திருக்கும் மரைகள் இழுபடும். கிராங்கைத் தாங்கும் பேரிங்குகள் உட்காரும் துளை தளரும். பிஸ்டன் பருத்து சிலிண்டர் சுவரை உரசும். ஆயில் தண்ணீராய் இளகி, உரசலைத் தடுக்கும் படலம் கிழியும். ஆறிய பிறகு உலோகம் தன் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும், என்ஜினும் கிளம்பும். ஆனால் இழுபட்ட மரையும் கீறல் விழுந்த சிலிண்டரும் நீண்டுபோன வால்வும் தாமாகத் திரும்பி வராது.

நீண்டுபோன வால்வு என்றதும் விஷயம் தெரிந்த மெக்கானிக்கின் விரல் நேரே மூன்றாம் சிலிண்டரைக் காட்டும்.

பீட்டிலின் நான்கு சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கின்றன. இடப்பக்கத்து இரண்டில் காரின் முன்புறம் பார்த்து இருப்பது மூன்றாவது. பழைய மாடல்களில் ஆயில் கூலரை விசிறிக் கூட்டுக்குள், சரியாக இந்தச் சிலிண்டரின் தலைக்குமேல் நிறுத்திவைத்தார்கள். கூலரைக் கடந்து, அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் காற்றுதான் மூன்றாம் சிலிண்டருக்குக் கிடைத்தது. மற்ற மூன்றும் புதுக்காற்றில் குளிர, இது மட்டும் எப்போதும் கொஞ்சம் வெந்துகொண்டே இருந்தது. ஃபோக்ஸ்வேகன் பொறியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. சில ஆண்டுகளின் டிஸ்ட்ரிபியூட்டரில் மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறி சில டிகிரி தாமதமாக விழும்படி கேமைச் செதுக்கினார்கள். 1971 மாடலில் ஆயில் கூலரை அந்த இடத்திலிருந்து நகர்த்தி, அதற்கென்று தனிக் காற்றுவழியும் கொடுத்தார்கள். தொழிற்சாலையே இத்தனை ஆண்டுகள் ஒரு சிலிண்டரைச் சுற்றி மல்லுக்கட்டியிருக்கிறது என்றால், சூடேறிய பழைய பீட்டிலில் பார்வை முதலில் எங்கே போக வேண்டும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அங்கே நடப்பது இதுதான். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் மெல்ல நீளும், அல்லது அது உட்காரும் சீட் தேயும். இரண்டிலும் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வு இடைவெளி, குறைந்துகொண்டே வரும். இடைவெளி தீர்ந்துபோனால் வால்வு முழுதாக மூடாது. மூடும் கணத்தில் சீட்டுக்குத் தன் சூட்டைக் கொடுத்து ஆறிக்கொள்ளும் வாய்ப்பும் அதற்குப் போய்விடும். இன்னும் சூடாகும், இன்னும் நீளும். ஒருநாள் அதன் தலை முறிந்து உள்ளே விழும். மேலேறி வரும் பிஸ்டன் அதன்மேல் மோதி ஓட்டையாகும். அத்தோடு என்ஜின் முடிந்தது. 

இதில் வேடிக்கை என்னவென்றால், இடைவெளி குறையக் குறைய டேப்பட் சத்தமும் குறையும். என்ஜின் முன்னைவிட அமைதியாக ஓடுகிறதே என்று உரிமையாளர் மகிழ்ந்துகொண்டிருப்பார்.

ஜான் மியூர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1969-இல் பீட்டில் பழுதுபார்ப்பு பற்றி, இயந்திரம் என்றாலே பயப்படுகிறவர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். நியூ மெக்சிகோவில் சொந்தமாகவே அச்சிட்ட அந்தப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. 3,000 மைலுக்கு ஒருமுறை வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லி அவர் வாசகர்களை விடாமல் நச்சரித்ததன் காரணம் இந்த வால்வுதான். அந்த நச்சரிப்பு வீண் அல்ல. வால்வு உடைவதற்கு முன் வெளியிலிருந்தே படிக்க முடிகிற ஒரே கடிதம் அந்த இடைவெளி.

சேதம் ஒருபுறம் இருக்கட்டும். சூடு ஏன் ஏறியது?

இந்தக் கேள்விக்குப் பழைய கார் ஆர்வலர்களிடையே உடனே கிடைக்கும் பதில், “இந்த என்ஜினே அப்படித்தான், வெயில் ஊருக்கு லாயக்கில்லை” என்பது. இதை ஏற்கவே முடியாது. பிரேசிலும் மெக்சிகோவும் லட்சக்கணக்கில் இந்தக் கார்களைச் செய்து வெயிலில் ஓட்டின. இதே குடும்பத்து என்ஜினை வைத்துக்கொண்டு குபெல்வேகன் ராணுவ வண்டிகள் இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தைக் கடந்தன. ஆலை கொடுத்தபடி இருந்தால் இந்த என்ஜின் வெயிலைத் தாங்கும். பெரும்பாலான கார்கள் ஆலை கொடுத்தபடி இல்லை என்பதே சிக்கல்.

புல்லட் மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் துடுப்புகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பீட்டில் சிலிண்டரிலும் அவை உண்டு. ஆனால் பைக் ஓடும்போது எதிர்க்காற்று அவற்றில் நேராக அடிக்கிறது. பீட்டிலின் என்ஜினோ காரின் பின்னால், மூடிய அறைக்குள் இருக்கிறது. எனவே ஒரு விசிறி, முழு வேகத்தில் நொடிக்கு 500 லிட்டருக்கும் அதிகமான காற்றை மேலிருந்து உறிஞ்சித் துடுப்புகளுக்கிடையே அழுத்தித் தள்ளுகிறது. சூடான காற்று கீழே வெளியேறுகிறது. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று. இரண்டும் கலக்காமல் பிரித்து வைப்பவை என்ஜினைச் சுற்றியுள்ள இரும்புத் தகடுகளும், அவற்றின் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டையும்தான். ஐம்பது ஆண்டில் அந்த ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும். தகடுகளில் சிலவற்றை எப்போதோ ஒரு மெக்கானிக் கழற்றி, திருப்பிப் பூட்டச் சோம்பலாகி மூலையில் போட்டிருப்பார். அப்புறம் என்ன? கீழே போன சூடான காற்றே மேலேறி, விசிறி அதையே மறுபடி உறிஞ்சி, என்ஜின் தன் சூட்டிலேயே வேகும்.

சிலிண்டர்களுக்கு அடியில், காற்று எல்லாத் துடுப்புகளையும் தழுவிப் போகும்படி திருப்பிவிடும் சிறு தகடுகள் இரண்டு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. என்ஜினை ரீபோர் செய்தவர்கள் இவற்றை விட்டுவிடுவது வாடிக்கை. ஹீட்டரைக் கழற்றிவிட்டால் விசிறிக் கூட்டில் அதற்காக இருந்த இரண்டு குழாய் வாய்கள் திறந்தே கிடக்கும். காற்று அந்த வழியாக ஓடிவிடும். பிளக் வயர் நுழையும் துளையை மூடும் ரப்பர் வளையம்கூடக் கணக்கில் உண்டு. இன்னொரு பக்கம், விசிறி வாயில் ஒரு பழந்துணி ஒட்டிக்கொண்டாலும், நீண்டநாள் நின்ற காரில் எலி கூடு கட்டியிருந்தாலும் போதும்.

இவற்றையெல்லாம்விட எரிச்சலூட்டுவது முன்னேற்றம் என்ற பெயரில் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகள். சூடேறும் என்ற பயத்தில் தெர்மோஸ்டாட்டையும் விசிறிக் கூட்டுக்குள் இருக்கும் மடல்களையும் பிடுங்கிப் போடுவது அவற்றில் முதன்மையானது. குளிர்ந்த என்ஜினில் காற்றை அடைத்து, சூடானதும் திறந்துவிடுவது இந்த மடல்களின் வேலை. தெர்மோஸ்டாட் கெட்டால் அது விரிந்தே நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அதாவது மடல்கள் திறந்த நிலையிலேயே நிற்கும், என்ஜின் வேகாது. இணைப்புக் கம்பி சிக்கி மடல் மூடியபடி மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து, அதற்கு மருந்து துரு நீக்கும் எண்ணெய். மடலைப் பிடுங்கினால், திறந்திருக்கும்போது அது காற்றை இரு பக்கமும் சரியாகப் பிரித்து அனுப்பிய வேலையும் சேர்ந்து போய்விடும். அடுத்தது, கொஞ்சம் குதிரைத்திறன் மிச்சமாகும் என்று கிராங்கில் சிறிய புல்லி மாட்டுவது. சிறிய புல்லி என்றால் விசிறியும் மெதுவாகச் சுழலும். நெரிசலில் ஊர்ந்து போகும் கார்களுக்கு இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது.

காற்றுவழி ஒழுங்காக இருந்தும் சூடேறினால், அடுத்த சந்தேகம் எரிதலின்மேல் விழ வேண்டும். டைமிங் அதிகம் முன்னேறியிருந்தால் ஹெட் சூடேறும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினாலும் சூடேறும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் இணைப்புகள் வெடித்திருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். ஐட்லிங் ஒழுங்கற்று ஏறி இறங்குவது அதன் முதல் அடையாளம்.

இங்கே மெக்சிகோவின் நில அமைப்பே ஒரு பாடம். மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் விசிறி தள்ளும் குளிர்ச்சி குறையும். ஆனால் என்ஜின் உள்ளிழுக்கும் காற்றும் மெலிந்ததே என்பதால் அது உண்டாக்கும் சூடும் குறைவுதான். கணக்கு ஓரளவு நேராகிவிடும். வில்லங்கம் இறங்கும்போதுதான் வரும். அந்த மெல்லிய காற்றுக்கு ஏற்பச் சிறிய ஜெட் போட்டு டியூன் செய்த ஒரு பழைய கார்புரேட்டர் பீட்டில், அப்படியே வெராக்ரூஸ் கடற்கரைக்கு இறங்கினால் என்ன ஆகும்? கனத்த காற்று, அதே பழைய அளவு பெட்ரோல். கலவை வறண்டு, மலையில் சமர்த்தாக ஓடிய என்ஜின் சமவெளியில் வேகும். இறங்கிய இடத்தில் பார்க்கும் மெக்கானிக் ஆயில் கூலரையும் விசிறியையும் மாற்றிக்கொண்டே போனால் பணம் கரையுமே தவிரச் சூடு குறையாது. 1993 முதல் வந்த மெக்சிகோ பீட்டில்களில் பெட்ரோல் இன்ஜெக்ஷன் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டது.

அப்படியானால் சூடேறி நின்ற காரை என்னதான் செய்வது? முதலில் அதன்மேல் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. கொதிக்கும் ஹெட்டில் தண்ணீர் பட்டால் விரிசலைக் காசு கொடுக்காமல் வாங்கலாம். பெல்ட் நன்றாக இருந்து விசிறி சுழல்கிறது என்றால், என்ஜினைச் சற்று நேரம் ஐட்லிங்கில் விட்டு அணைப்பது உள்சூட்டை வெளியேற்ற உதவும். பெல்ட் அறுந்திருந்தால், அல்லது ஆயில் விளக்கு எரிந்தால், உடனே அணைக்க வேண்டும்.

முழுதாக ஆறிய பிறகும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்க்க வேண்டும். கருகிய வாடை ஒரு கதை சொல்லும். பெட்ரோல் வாடை இன்னொரு கதை: பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து ஆயிலில் கலந்திருக்கிறது, இளகிய அந்த ஆயிலே சூட்டுக்குக் காரணமாக இருக்கலாம். பிளக்குகள் பூட்டியிருக்கும்போதே டைனமோ புல்லியின் நட்டில் ஸ்பானர் போட்டு என்ஜினைக் கையால் சுற்றினால், கிராங்கின் இரண்டு முழுச் சுற்றில் நான்கு முறை எதிர்ப்பு கைக்குத் தெரிய வேண்டும். ஒரு முறை வழுக்கிக்கொண்டு போனால் அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை. எங்காவது கரகரத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் செல்ஃப் அடிப்பதுதான் பல என்ஜின்களை முழுச் சேதமாக்குகிறது.

அதன் பிறகு ஆயிலை இறக்க வேண்டும். மொத்தமே இரண்டரை லிட்டர்தான். பழைய பீட்டில்களில் ஆயில் ஃபில்டர் கிடையாது, அடியில் ஒரு கம்பி வலை மட்டும். அந்த வலையைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தால் உள்ளே என்ன நடந்தது என்பது ஓரளவு தெரிந்துவிடும். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு பிஸ்டனோ பேரிங்கோ. செம்புநிறம் தெரிந்தால் பேரிங் தன் மேல்பூச்சையே இழந்துவிட்டது என்று பொருள். அடுத்து, கிராங்க் புல்லியை முன்னும் பின்னும் பிடித்துத் தள்ளிப் பார்ப்பது. கிராங்கின் ஆட்டம் 0.15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கையிலேயே டக்கென்று தெரிந்தால் அது எல்லை கடந்துவிட்டது.

பிறகு வால்வு இடைவெளி. 1300 முதல் 1600 வரையுள்ள என்ஜின்களில் பொதுவான அளவு 0.15 மில்லிமீட்டர். என்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். அளந்தவுடன் சரிசெய்துவிடாமல், எட்டு வால்வுக்கும் என்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதிவைப்பது முக்கியம். பலர் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு ஸ்குரூவைத் திருப்பி, இருந்த ஒரே சாட்சியத்தையும் அழித்துவிடுகிறார்கள். இன்ஜெக்ஷன் வந்த மெக்சிகோ கார்களில் ஹைட்ராலிக் டேப்பட் என்பதால் இந்த வழி அடைபட்டுவிடும். அங்கே கம்ப்ரஷன் சோதனையும் கசிவுச் சோதனையும்தான் துணை. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் காது கொடுக்க வேண்டும்: சைலென்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்றை உள்ளிழுக்கும் வழியில் சீறினால் இன்லெட், ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங் அல்லது பிஸ்டன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சூட்டில் நின்று, ஆறினால் கிளம்பும் கார் எல்லாமே வெந்துபோன கார் அல்ல. சூடான செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டு வெறும் ‘டிக்’ என்று மட்டும் சொல்வது பழைய ஃபோக்ஸ்வேகன்களின் நாள்பட்ட நோய். வயரில் மின்னழுத்தம் குறைவதே பெரும்பாலும் காரணம். சூட்டில் செத்து ஆறினால் உயிர்க்கும் கண்டென்சரும் காயிலும் உண்டு. இவற்றுக்காக என்ஜினை இறக்கியவர்களும் இருக்கிறார்கள். செல்ஃப் சுற்றுகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

எல்லாம் தேறினால் புது ஆயில் ஊற்றி, காணாமல் போன தகடுகளையும் ரப்பர்களையும் பூட்டி, டைமிங்கைச் சரிபார்த்து ஓட்டலாம். சில நூறு கிலோமீட்டர் போனதும் வால்வு இடைவெளியை மறுபடி அளந்து, அந்தப் பழைய தாளோடு ஒப்பிட வேண்டும். மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் மட்டும் மீண்டும் இறுகியிருந்தால் இன்னொரு முறை ஸ்குரூவைத் தளர்த்திச் சமாளிக்க நினைப்பது வீண்வேலை. வால்வு இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது அல்லது சீட் அமிழ்கிறது; ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். என்ஜினை இறக்குவதா என்ற தயக்கத்துக்கு இந்தக் காரில் இடமில்லை. கியர்பாக்ஸோடு அதைப் பிடித்திருப்பவை நான்கு பெரிய போல்ட்டுகள். கைதேர்ந்த இருவருக்கு அது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. ஹெட்டைத் துடைத்து, இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவிலும் பிளக் துளையைச் சுற்றியும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் பிளக் மரைக்குள் ஓடியிருந்தால், வெல்டு அடிக்க ஆள் தேடி அலைவதைவிடப் புது ஹெட் வாங்குவதே மலிவு.